பெயரில் இருந்த ஊர்

தொண்ணூறுகளின் யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் போர்ச் செய்திகளைத் தாண்டி மரண அறிவித்தல் பக்கத்துக்குப் போகிறவர் ஒரு விநோதத்தைக் காண்பார். ஆளில்லாத ஓர் ஊரின் ஆட்கள் அங்கே தொடர்ந்து இறந்துகொண்டிருப்பார்கள். காங்கேசன்துறையைப் பிறப்பிடமாகவும் மல்லாகத்தைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்டவர், காங்கேசன்துறையைப் பிறப்பிடமாகவும் சுன்னாகத்தைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்டவர் என்று ஒவ்வொன்றும் ஒரே வாய்பாட்டில் தொடங்கும். பத்து வருஷம் தாண்டியும் வாய்பாடு மாறவில்லை. பொருளாதாரத் தடையால் அச்சுத்தாள் கிடைக்காமல், பாடசாலைக் கொப்பித் தாளில் பத்திரிகை வந்த நாட்களிலும் அந்த வரிக்கு இடம் இருந்தது. காசு கணக்குப் பார்த்து அறிவித்தல் கொடுக்கிறவர்கள் மற்றச் சொற்களை வெட்டுவார்கள். ஊர்ப்பெயரை வெட்டமாட்டார்கள்.

கஷ்ட காலத்தில் ஒரு சின்னச் சமூகம் எப்படித் தாக்குப்பிடித்தது என்று எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் மனிதரின் நல்ல மனசைப் பற்றி எழுதுகிறார்கள். நல்ல மனசு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் காங்கேசன்துறையின் கதையில் எனக்குக் கண்ணில் படுவது பட்டியல்கள். விதானையாரின் பதிவேடு, பள்ளிக்கூட இடாப்பு, சங்கக்கடை வரிசை, சீட்டுக் கொப்பி, பத்திரிகையின் அந்த ஒரு வரி. மண் கைவிட்டுப் போனபிறகு கால் நூற்றாண்டுக்கு ஊர் இந்தக் கடதாசிகளில்தான் குடியிருந்தது.

கடதாசியில் வாழக்கூடிய ஊர் என்று அதை முன்னர் யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். சத்தமும் தூசியும் கடற்காற்றுமாக இருந்த இடம் அது. 1893இல் கட்டிய வெளிச்சவீடு, 1905இல் தென்னிலங்கையோடு தொடுக்கப்பட்ட வடக்கு ரயில் பாதையின் கடைசி நிலையம், துறைமுகம், 1950இல் தொடங்கிய சீமெந்து ஆலை. இலங்கையின் முதல் சீமெந்து ஆலை அதுதான். ஜீ. ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்தபோது வந்தது. தொகுதி மக்களோ 1952ஐத் தவிர்த்து, நின்ற ஒவ்வொரு தேர்தலிலும், பின்னாளில் அவருடைய அரசியல் எதிரியான எஸ். ஜே. வி. செல்வநாயகத்தையே பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். ஆலையில் சம்பளம் ஒருவருடைய புண்ணியத்தில், வாக்கு மற்றவருக்கு. யாழ்ப்பாணத்தாரின் இந்தக் குணத்தை விளங்கிக்கொள்ளக் கொழும்புக்கு எப்போதும் சிரமமாகத்தான் இருந்தது.

ஆலைக்காகத் தோண்டியது சுண்ணாம்புக்கல். வற்றாத ஆறில்லாத குடாநாட்டில் மழைநீரை நிலத்துக்கடியில் பிடித்து வைத்திருப்பதும் அதே கல்தான். கீரிமலையில் கடலுக்கு ஒரு முழம் தள்ளி நல்ல தண்ணீர்க் கேணி ஊறுவதும் அதன் உபயம். ஒரே கல்லைச் சுட்டுச் சீமெந்து ஆக்கினார்கள், அதே கல்லிலிருந்து தண்ணீர் இறைத்து வெங்காயமும் புகையிலையும் விளைவித்தார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பகையென்பது குழிகள் ஆழமானபிறகுதான் பேச்சுக்கு வந்தது.

1990 ஜூனில் மறுபடி போர் தொடங்கியது. 13ஆம் திகதிக்குப் பிறகு யாழ்தேவி ரயில் வரவில்லை. 15ஆம் திகதியளவில், காங்கேசன்துறை அடங்கிய வலிகாமம் வடக்குச் சனம் எறிகணைக்கு விலத்தித் தெற்கே நடந்தது. ஆலை நின்றது. ஒரு கிழமையில் திரும்பலாம் என்ற கணக்கில் மாட்டை அவிழ்த்துவிட்டு, கோழியைக் கூட்டுக்கு வெளியே விட்டு, காணி உறுதியையும் பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் பொலித்தீன் பைக்குள் சுற்றிக்கொண்டு வந்தவர்கள் பலர். உறுதியை எடுக்க மறந்தவர்கள் பின்னர் கச்சேரிப் படிகளில் பட்ட பாடு தனிக்கதை. முதலில் பள்ளிக்கூடங்கள், கோயில் மண்டபங்கள், உறவினர் வீட்டு விறாந்தைகள். பிறகு முகாம்கள்: சுன்னாகத்தில் சபாபதிப்பிள்ளை, மல்லாகத்தில் கோணப்புலம், மருதனார்மடப் பக்கம் கண்ணகி. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமமே தென்மராட்சிக்கு ஓடியபோது இவர்கள் இரண்டாம் தடவை ஓடினார்கள். மறு வருஷம் திரும்பி வந்தது அதே முகாம்களுக்கு. 2015இலும் யாழ்ப்பாணத்தில் முப்பதுக்கு மேற்பட்ட நலன்புரி முகாம்கள் இருந்தன.

கோணப்புலத்திலிருந்து காங்கேசன்துறைக்குச் சைக்கிளில் போனால் அரை மணித்தியாலம் செல்லும். அந்த அரை மணித்தியாலத் தூரம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. கனடாவுக்குப் போனவர்கூட விமானச்சீட்டு எடுத்து ஊர்ப்பக்கம் வந்து முட்கம்பிவரை போய்ப் பார்த்துத் திரும்பலாம். முகாமில் இருந்தவருக்கும் அதே முட்கம்பிவரைதான் வழி. இன்னொன்றையும் சொல்லவேண்டும். தொண்ணூறுகளில் குடாநாட்டுக்குள் கொண்டுவரத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் சீமெந்தும் ஒன்று. நாட்டுக்கே சீமெந்து அனுப்பிய ஊரின் சனம் கிடுகுக் கொட்டிலில், சாணி மெழுகிய நிலத்தில் பிள்ளை பெற்று வளர்த்தது.

அங்கே ஆறுதல் எங்கிருந்து வந்தது? முதலாவதாக, நம்பக் கஷ்டமாக இருக்கலாம், அரசாங்க நிர்வாகத்திலிருந்து. இடம்பெயர்ந்தோருக்கு நிவாரணம் கொடுத்தது ஊர்வாரியாக. காங்கேசன்துறையின் விதானையாருக்கு, அதாவது கிராம சேவகருக்கு, காலடியில் கிராமம் இல்லை. கையில் பதிவேடு இருந்தது. கூப்பன் அவரிடம், வதிவிடச் சான்றிதழ் அவரிடம், வாக்காளர் பட்டியல் பழைய தொகுதிக்கே. அதனால் படலைக்குப் படலை இருந்தவர்கள் சங்கக்கடை வரிசையிலும் முன்னும் பின்னுமாக நின்றார்கள். யாருக்குச் சுகமில்லை, யாருடைய மகனைக் காணவில்லை, யாருக்குக் கடிதம் வந்தது என்ற செய்திகள் அரிசிக்கும் மாவுக்கும் நின்ற அந்த வரிசையில்தான் கைமாறின. நிவாரணத்தை முகாம்வாரியாகக் கொடுத்திருந்தால் நிர்வாகத்துக்குச் சுகமாக இருந்திருக்கும், ஊர் இரண்டு வருஷத்தில் கரைந்திருக்கும் என்று நினைக்கிறேன். யாரோ ஒரு உத்தியோகத்தர் பழைய பதிவேட்டை மாற்றச் சோம்பல்பட்டது எத்தனையோ பேருக்கு உதவியாகிவிட்டது.

பள்ளிக்கூடமும் அப்படியே. நடேஸ்வராக் கல்லூரி தன் கட்டடத்தை இழந்து வேறிடத்தில் தன் பெயரோடு நடந்தது. ஊரையே கண்ணால் காணாத பிள்ளைகள் அந்த ஊரின் பாடசாலை இடாப்பில் பெயர் கூப்பிடப்பட்டு, "பிரசன்னம், சேர்" என்று பதில் சொன்னார்கள். பாடசாலை மைதானம் எவ்வளவு பெரிது, கடல் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அவர்களுக்கு ஆசிரியர் சொல்லித் தெரிந்தவை. 2016 மார்ச்சில் அந்தக் கட்டடம் விடுவிக்கப்பட்டபோது உள்ளே போன மாணவர்களில் ஒருவருக்கும் அது திரும்புதல் அல்ல.

அந்த வருஷங்களின் வீட்டுச் சாமர்த்தியங்கள் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, சில துளி மண்ணெண்ணெய் விட்டு, திரி ஏற்றி, அந்த வெளிச்சத்தில் ஒரு தலைமுறை உயர்தரப் பரீட்சை எழுதியது. சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். சேலையில் பனம்பழ வாசம் மூன்று நாள் நிற்கும். சீனி இல்லாத காலத்தில் பனங்கட்டியை ஒரு பக்கக் கொடுப்புக்குள் அடக்கிக்கொண்டு வெறுந்தேத்தண்ணி குடித்தார்கள். பற்றரியும் தடை என்பதால் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். இரவு பிபிசி தமிழோசை வரும் நேரம் ஒரு சைக்கிளைச் சுற்றி முழு ஒழுங்கையும் குந்தியிருக்கும். பெடல் சுற்றுவதற்கு முறை உண்டு. சுற்றுகிற பொடியன் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கரகரத்துத் தேயும், பெரியவர்கள் அதட்டுவார்கள், அடுத்த பொடியன் எழும்புவான். தன் ஊரில் விழுந்த குண்டைப் பற்றி லண்டனிலிருந்து கேட்பதற்கு ஒருவன் வியர்க்க வேண்டியிருந்தது.

இந்த விளக்குகளை இப்போது கண்காட்சிகளில் வைக்கிறார்கள். பார்த்துவிட்டு வருகிறவர்கள் எவ்வளவு கெட்டிக்காரச் சனம் என்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம் இல்லை. போத்தல் சரிந்து கிடுகில் பிடித்தால் கொட்டில் மிஞ்சாது. புகைக்கு முன்னால் வருஷக்கணக்கில் இருந்த கண்கள் இப்போது தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் வரிசையில் நிற்கின்றன. கெட்டித்தனத்தைப் புகழ்ந்துகொண்டே போனால் தடைபோட்டவனுக்கும் ஒரு நன்றி சொல்லவேண்டி வந்துவிடும்.

பெடல் சுற்றும் முறை என்னை விட்டுப் போகாததற்குக் காரணம் அது ஒரு ஒழுங்கு என்பதால். முகாம் வாழ்க்கையில் எல்லாவற்றுக்கும் முறை இருந்தது. கிணற்றடிக்கு முறை, மலசலகூடம் கழுவ முறை, இரவில் விழித்திருக்க முறை. செத்தவீட்டுக்கு அதிலும் பெரிய முறை. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயல்தான் தேத்தண்ணி காய்ச்ச வேண்டும், வந்தவர்களுக்குச் சாப்பாடு பார்க்க வேண்டும், பந்தல் போட வேண்டும், சுண்ணம் இடிக்க வேண்டும். ஊரில் இது வளவுக்கு வளவு தலைமுறையாகப் பழகிய வேலை. முகாமில் அயல் என்றால் பத்தடி தள்ளியிருக்கும் கொட்டில். அங்கேயும் எந்த வீட்டார் எதைச் செய்வது என்று எழுதிவைக்காமலே நடந்தது, ஏனென்றால் அவர்கள் பழைய அயலவர்கள். முறை ஊரிலேயே தீர்ந்திருந்தது. முப்பத்தொன்று அந்தியேட்டிக்கு மட்டும் வழி தெரியாமல் நின்றார்கள். கீரிமலைக் கேணியும் மடமும் வலயத்துக்குள். மாவிட்டபுரம் கந்தசுவாமியார் ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாட வரும் அந்தக் கரையில்தான் அப்பனுக்கும் அம்மைக்கும் கடன் கழிக்கவேண்டும் என்று வளர்ந்தவர்கள் வேறு கரைகளைத் தேடிப் போனார்கள். ஐயர் கீரிமலையை மனசில் நினைக்கச் சொல்வார். நினைத்தார்கள். காரியம் முடிந்து வீடு திரும்பிய எத்தனை பேருக்கு அது தீர்ந்த கடனாகப் பட்டது என்று கேட்டுப் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

இதுவரை சொன்னதை வைத்து, ஒரே குடும்பமாக இருந்த ஊர் என்று யாரும் நினைத்தால் நான் பாதிக்கதை சொன்னவனாவேன். ஊரோடு கூடவே சாதியும் முகாமுக்கு இடம்பெயர்ந்தது. காங்கேசன்துறை வீதியில் இரண்டு மைல் தெற்கே மாவிட்டபுரம். 1968இல் தாழ்த்தப்பட்டவர்கள் அந்தக் கோயிலுக்குள் போகவேண்டும் என்று தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் வாசலில் நின்றது. போகவிடாமல் மறித்து நின்றவர்களுக்கு முன்னணியில் முன்னாள் அமைச்சர், கணிதப் பேராசிரியர், சி. சுந்தரலிங்கம். இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு அதே சுற்றுவட்டாரம் முழுக்க மூட்டை தூக்கியபோது, போய்ச் சேர்ந்த ஊர்களில் கிணற்றடியில் முதலில் வந்த கேள்வி எந்த ஊர் என்பதல்ல. ஊரில் எந்தப் பக்கம் என்பது. பக்கம் தெரிந்தால் சாதி தெரியும். வாளியைத் தொடவிடாமல் தாங்களே அள்ளி ஊற்றிய வீடுகள் உண்டு. கப்பியைக் கழற்றி உள்ளே வைத்த வீடுகளும் உண்டு. எல்லா வீடும் அப்படியல்ல என்பதை அந்த வீட்டாரின் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

யார் முகாமில் மிஞ்சினார்கள் என்று பார்த்தால் இது இன்னும் துலங்கும். வெளிநாட்டில் பிள்ளை இருந்தவர்கள் முதல் சில வருஷங்களிலேயே வாடகை வீட்டுக்கு மாறினார்கள். அரச உத்தியோகத்தர்கள் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ இடமாற்றம் எடுத்தார்கள். உறுதி கையில் இருந்தவர்கள் வழக்காவது போடலாம். 2013இல் வலயத்தில் 6,381 ஏக்கரை அரசு சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டியபோது இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட காணிக்காரர் நீதிமன்றம் போனார்கள். கூலி வேலை, கடல் வேலை செய்து, மற்றவன் காணியில் குடியிருந்து வந்தவர்களுக்குப் போக இடமில்லை, போட வழக்கில்லை. கால் நூற்றாண்டு முகாம் என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் இவர்களுடைய கால் நூற்றாண்டையே சொல்கிறோம். ஊர்ப்பட்டியலில் பெயர் இருந்தது; காணிப் பட்டியலில் இல்லை. மேலே நான் புகழ்ந்த பதிவேடுகள் இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகின்றன.

அந்தக் காலத்தில் எந்தப் பக்கம் என்று கேட்காமல் கதவு திறந்த இடங்களும் இருந்தன. தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயிலை நடத்திய தங்கம்மா அப்பாக்குட்டி, போரில் தாய் தகப்பனை இழந்த பெண்பிள்ளைகளை வைத்து வளர்த்தார். கோயில் வருமானத்தைக் கோபுரத்துக்கு மட்டும் செலவழிக்காமல் சோற்றுக்கும் பள்ளிக் கொப்பிக்கும் செலவழிக்கலாம் என்று யாழ்ப்பாணச் சைவர்களுக்குச் செய்து காட்டியவர் அவர். 2008இல் அவர் இறந்தபோது வலிகாமம் வடக்கின் பெரும்பகுதி இன்னும் வலயத்துக்குள்தான் இருந்தது.

போர் முடிந்தபிறகு காணி துண்டு துண்டாக விடப்பட்டது. 2015 ஜனவரி 2இல் ரயில் காங்கேசன்துறைவரை வந்தது. பழைய தண்டவாளமும் சிலீப்பர்க் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டதால் எல்லாம் புதிது. 2017 ஜூலையில் அயலிலுள்ள மயிலிட்டித் துறைமுகம் விடுபட்டது. உள்ளே போனவர்கள் கண்டது காடு. வீட்டுக்குக் கூரை, நிலை, யன்னல் எதுவும் இல்லை. பல இடத்தில் வீடே இல்லை. வேலி போன இடத்தில் எல்லையைக் காட்டியது கிணறு. கிணற்றைக் கண்டால் அதிலிருந்து அடி எடுத்து, அடுப்படி இங்கே, மாட்டுக்கொட்டில் அங்கே என்று கிழவிகள் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு அது வெறும் பற்றை. நில அளவையாளர் வந்து போட்ட கல்லும் கிழவி சொன்ன இடமும் ஒத்துவராமல், முகாமில் ஒரு வாளியில் தண்ணீர் பகிர்ந்த இரண்டு வீட்டார் இப்போது இணக்கசபையில் நிற்கிறார்கள். எனக்கு இது சோகமாகப் படவில்லை. சண்டைபிடிக்க எல்லை கிடைத்திருக்கிறது.

மீள்குடியேற்றத்தில் ஒருவரும் எதிர்பாராத நட்டம் வேறொன்று. முகாமின் நெருக்கத்தில் ஓடிய வாழ்க்கை ஊரின் விசாலத்தில் ஓடவில்லை. கொட்டிலுக்குக் கொட்டில் குரல் கேட்ட பெண்கள் இப்போது இரண்டு பரப்புக் காணிக்கு நடுவில் புதுக் கல்வீட்டில் தனியே இருக்கிறார்கள். பக்கத்து வளவுக்காரர் ரொறன்ரோவில்; அடுத்த வளவு இன்னும் இராணுவத்திடம். இருட்டினால் பாம்புக்குப் பயம். 2022இல் நாடு முழுக்க எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றபோது தெற்கிலிருந்து பத்திரிகைக்காரர் வந்து, உங்களுக்கு இது பழக்கம்தானே என்று கேட்டார்கள். பழக்கம்தான். பரணிலிருந்து விறகடுப்பும் கொட்டிலிலிருந்து சைக்கிளும் வெளியே வந்தன. ஆனால் அந்த ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியபோது, புதிதாகத் தொழிலுக்கு இறங்கிய மயிலிட்டிக் கடற்காரருக்கு எந்தப் பழக்கமும் கைகொடுக்கவில்லை. 1992இல் என்றால் பகிர்ந்துகொள்ள வரிசை இருந்தது. இப்போது அவரவர் படலை அவரவருக்கு.

2023 ஒக்ரோபர் 14இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் வந்தது, நாற்பது வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக. தொலைக்காட்சிகள் வந்தன. துறைமுகத்துக்கு வெளியே தேத்தண்ணிக் கடை போட்டவர்களில் பழைய முகாம்காரரும் உண்டு. கப்பல் சில நாளில் நின்று, மறு வருஷம் ஓகஸ்ட்டில் மறுபடி ஓடியது. கடைக்காரர் கப்பலை நம்பி இருக்கவில்லை. கீரிமலைக்கு வரும் அந்தியேட்டிச் சனம் எந்த அரசாங்கத்திலும் குறையாது என்றார் ஒருவர்.

முகாமில் தொடங்கிய சீட்டு ஒன்றைப் பற்றி அந்தக் கடையில்தான் கேள்விப்பட்டேன். சீட்டைப் பிடிக்கும் தாச்சி எழுபதைத் தொட்ட ஒரு அம்மா. இருபதுக்கு மேற்பட்ட பெண்கள். இப்போது மாவிட்டபுரம், தையிட்டி, காங்கேசன்துறை என்று சிதறி, சிலர் காணியில்லாமல் சுன்னாகத்திலேயே இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள் தாச்சி பஸ்ஸில் ஏறி வீடு வீடாகப் போய்க் காசு வாங்குகிறார்.

"அம்மா, வங்கி இருக்கு, போனிலையே காசு அனுப்பலாம். ஏன் இந்த வயசிலை அலையிறியள்?" என்றேன்.

"தம்பி, போனிலை காசு வரும். அவள் மூண்டு நாளாச் சமைக்கேல்லை எண்டு போனிலை தெரியுமே? படலைக்குள்ளை போனாத்தான் அடுப்படி தெரியும்."

கொப்பியைக் காட்டினார். பெயர்களுக்கு நேரே ஊர் இல்லை. சபாபதிப்பிள்ளை முகாமின் கொட்டில் இலக்கங்களே இன்னும் இருந்தன. ஒரு பெயருக்கு நேரே ஆறு மாதம் வெறுமையாக இருந்ததைக் கண்டு கேட்டேன். "அவள் பிரான்சுக்குப் போயிட்டாள். சீட்டை எடுத்துப்போட்டுத்தான் போனவள்" என்றார். ஏமாற்றிவிட்டாளா என்றதற்கு முகத்தைச் சுழித்தார். "மூத்தவளின்ரை கல்யாணம் முடியட்டாம், மொத்தமா அனுப்புறன் எண்டவள். அதுவரைக்கும் அவளின்ரை பங்கை நாங்கள் பிரிச்சுக் கட்டுறம். வட்டியும் சேத்து எழுதியிருக்கு, பாருங்கோ."

எழுதியிருந்தது. நூற்றுக்கு மூன்று வட்டி.